கையால் செய்த கோல்ஃப் பட்டர்: ஒரு லட்சத்துக்குத் தகுமா?

அடையாறு ஆலமரம்:
அமெரிக்காவில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் ஆர்டர் கொடுத்திருந்த பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் கோல்ஃப் மட்டை) வந்து சேர்ந்துவிட்டது. கார்பன் ஸ்டீல் பிளேடு (ஒல்லியான தலை), நீளம் 34 அங்குலம், தலை எடை 350 கிராம், லாஃப்ட் (முகத்தின் சாய்வு) 3 டிகிரி, லை (தரைக்கும் ஷாஃப்ட்டுக்கும் உள்ள கோணம்) 70 டிகிரி. 1966-ல் பிங் நிறுவனம் கொண்டுவந்த ஆன்சர் பட்டரின் வடிவம்தான் அடிப்படை. பிங்கைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் போட்ட அந்தப் பாதையை விட்டு பிளேடு செய்பவர்கள் இன்னும் அதிக தூரம் விலகவில்லை. கழுத்தைத் தனியாகச் செய்து வெல்டு வைத்து, அந்த இடத்தை அரம் போட்டு ராவி, எமரி பேப்பரால் தேய்த்திருக்கிறார். விரலால் தடவினாலும் இணைப்பு தட்டுப்படவில்லை. அடிப்பக்கத்தில் மட்டும் அரத்தின் கீறல்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறார். பந்தைத் தட்டினால் ‘டிங்’ கிடையாது, ‘தொக்’ என்று அமுங்கிய சத்தம். டியூட்டி, கூரியர் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நந்தனத்தில் ஆடுகிறேன், ஹேண்டிகேப் 16 (எண் கூடக்கூட ஆட்டம் சுமார் என்று அர்த்தம்). இதை எப்படி மதிப்பிடுவீர்கள்?

மூணு பட்:
ஹேண்டிகேப் 16-க்கு லட்ச ரூபாய் பட்டரா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஸ்காட்டி ஷெஃப்லர் 2024 மார்ச்சில் டெய்லர்மேடு ஸ்பைடர் என்ற மாலட்டுக்கு (அகலத் தலைப் பட்டர்) மாறினார். மாறிய வாரமே பே ஹில்லில் ஜெயித்தார், அடுத்த வாரம் பிளேயர்ஸ் போட்டி, ஏப்ரலில் மாஸ்டர்ஸ். அதே ரகம் கடையிலேயே தொங்குகிறது. அதை வாங்கிவிட்டு மிச்சக் காசில் ஒரு நல்ல கோச்சிடம் போயிருக்கலாம்.

அடையாறு ஆலமரம்:
டைகர் உட்ஸ் ஜெயித்த 15 மேஜரில் (கோல்ஃபின் பெரிய போட்டிகள்) 14, அவருக்கென்று செய்த ஸ்காட்டி கேமரன் நியூபோர்ட் 2 பட்டரில் வந்தவை. ஷெஃப்லர் மட்டும் கடையில் தொங்குவதை அப்படியே எடுத்து ஆடுகிறார் என்றா நினைக்கிறீர்கள்? டூர் (தொழில்முறை) ஆட்டக்காரர்களுக்கு லாஃப்ட், லை, எடை எல்லாம் பார்த்து வளைத்துத்தான் தருவார்கள். எனக்கும் அதைத்தான் செய்துகொண்டேன்.

மூணு பட்:
வளைத்துக்கொள்ள லட்ச ரூபாய் எதற்கு சார்? கடைப் பட்டரையும் வளைக்கலாம். அப்புறம், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்க் பிராடி டூர் ஷாட்களை எண்ணிக் கணக்குப் போட்டிருக்கிறார். மேல்தட்டு ஆட்டக்காரர்கள் மற்றவர்களை விட முன்னால் இருப்பதில் பட்டிங்கின் பங்கு 15 சதவீதம் போலத்தான். மீதியெல்லாம் கிரீனுக்கு (குழி இருக்கும் மழித்த புல்தரை) வந்து சேரும் வழியில்.

கேடி மகன்:
ஆலமரம் சாருக்காகப் பேச வரவில்லை, ஆனால் அந்தக் கணக்கை இங்கே நிறுத்தக் கூடாது. பிராடி சொல்வது ஆட்டக்காரர்களுக்கு இடையிலான வித்தியாசம். ஸ்கோர் கார்டை எடுத்தால் பத்து ஷாட்டில் நாலு பட்டரால் அடிப்பதுதான். பத்தடி தூரத்துப் பட்டில் முகம் (பந்தில் படும் பக்கம்) ஒரே ஒரு டிகிரி திரும்பினால், குழியை அடையும்போது பந்து ஏறக்குறைய இரண்டு அங்குலம் விலகிவிடும். குழியின் விட்டமே நாலேகால் அங்குலம். நடுவைப் பார்த்து அடித்த பந்து விளிம்பில் போய் நிற்கும். டூர் ஆட்டக்காரர்களே எட்டடியில் இரண்டுக்கு ஒன்றுதான் போடுகிறார்கள். அதனால் முகம் நேராக வந்து சேர உதவுகிற பட்டருக்கு மதிப்பு உண்டு. கையால் செய்ததா, தொழிற்சாலையில் செய்ததா என்பதற்கு அங்கே வேலையில்லை.

என் அப்பா கிண்டியில் கேடியாக (ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமப்பவர்) இருந்தவர். புதுப் பட்டர் கொண்டுவந்தால் முதலில் ஷாஃப்ட்டை விரல் மேல் படுக்கவைத்துத் தொங்கவிட்டுப் பார்ப்பார். முகம் வானத்தைப் பார்த்தால் ஒரு வகை, மூக்கு (தலையின் வெளி முனை) கீழே சரிந்தால் இன்னொரு வகை. வளைத்து வீசுகிறவருக்கு மூக்கு சரிவது பொருந்தும், நேர்கோட்டில் ஆட்டுகிறவருக்குப் பொருந்தாது. ஆலமரம் சார், உங்கள் வீச்சு எப்படி? இதைக் கேட்டுத்தான் அந்தப் பட்டறைக்காரர் செய்தாரா?

அடையாறு ஆலமரம்:
வீடியோ கேட்டார், அனுப்பினேன். லேசான வளைவு. மூக்கு சரிகிறது.

எஸ்டேட் மில்லிங்:
எனக்குக் கோல்ஃப் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மில்லிங் மெஷின் ஓட்டுகிறேன், மச்சான் இந்தப் பக்கத்தை அனுப்பி ‘பாரு’ என்றார். வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தட்டையான முகத்தை சிஎன்சி (கணினி ஓட்டும்) மெஷின் செய்கிற அளவுக்கு எந்தக் கையாலும் செய்ய முடியாது. கையின் வேலை கழுத்து, ஓரம், உருண்டை, பளபளப்பு. அங்கே மெஷின் விட்ட கூர்முனைகளை ஆள்தான் உடைக்கணும். எனக்கு இருப்பது ஒரே கேள்வி: முகத்தை மில்லிங் செய்தது வெல்டுக்கு முன்பா, பின்பா? வெல்டு சூட்டில் இரும்பு இழுக்கும். முன்பே மில் செய்துவிட்டுப் பிறகு வெல்டு வைத்திருந்தால், கழுத்துப் பக்கம் முகம் கொஞ்சம் கோணியிருக்கலாம். ஒரு ஸ்டீல் ஸ்கேலை ஓரமாக நிறுத்தி, பின்னால் லைட் அடியுங்கள். குதிகால் பக்கம் (கழுத்தை ஒட்டிய முனை) வெளிச்சம் கசிந்தால் சந்தேகம். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இருந்தால் எவ்வளவு என்றும் தெரிந்துவிடும்.

அடையாறு ஆலமரம்:
பார்த்துவிட்டேன். வெளிச்சம் எங்கேயும் கசியவில்லை. கிண்டி எஸ்டேட்டில் தெரிந்தவர் டேபிளில் வைத்து அளந்தும் கொடுத்தார். லாஃப்ட் மூன்றரை, லை 71, தலை 352 கிராம்.

மூணு பட்:
ஆக, காகிதத்தில் எழுதியது ஒன்று, கையில் வந்தது ஒன்று!

எஸ்டேட் மில்லிங்:
இரண்டு கிராமுக்கு யாரும் சண்டை போட மாட்டார்கள். லை ஒரு டிகிரி தாண்டியது மட்டும் கேட்க வேண்டிய விஷயம்தான். எங்கள் வேலையில் அது ரிஜெக்ட்.

கேடி மகன்:
கேட்கலாம், ஆனால் முதலில் நீங்கள் எப்படி நிற்கிறீர்கள் என்று பாருங்கள். சமதரையில் இயல்பாக நின்று பட்டரை வையுங்கள். ஒரு ரூபாய் காசை மூக்குப் பக்கத்துக்கு அடியில் தள்ளுங்கள், அப்புறம் குதிகால் பக்கம். இரண்டு பக்கமும் ஒரே அளவு உள்ளே போனால் 71-தான் உங்கள் எண், காகிதத்தை மறந்துவிடுங்கள். வளைக்க வேண்டியிருந்தால் ஆட்டத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள், ரவுண்டு நடுவில் கிளப்பின் (மட்டையின்) தன்மையை மாற்ற விதியில் இடமில்லை.

விதி என்றதும் இன்னொன்று. தனியாள் செய்த கிளப் விதிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது ஆடுகிறவரின் பொறுப்பு. நீளம் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஷாஃப்ட் செங்குத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்ந்திருக்கணும், லாஃப்ட் 10-ஐத் தாண்டக் கூடாது. உங்களுடையது தப்பித்துவிடும்.

மூணு பட்:
துருவைப் பற்றி யாரும் பேசவில்லையே? கார்பன் ஸ்டீல், கடற்கரை ஓரத்து வீடு, சென்னை வியர்வை. ஒரு மழைக்காலம் தாங்குமா?

அடையாறு ஆலமரம்:
ஆடி முடித்ததும் துடைத்து, மெலிதாக எண்ணெய் தடவி வைக்கிறேன். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

மூணு பட்:
அதற்குப் பதில் ஸ்டெயின்லெஸ் மாலட் ஒன்று வாங்கி டிக்கியில் கிடத்திவிடலாம். மையம் தப்பி அடித்தாலும் பிளேடை விட அது குறைவாகத்தான் முறுக்கும், எடை ஓரங்களில் பரவியிருக்கிறது. மையத்தில் அடிக்காத நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் தேவை. இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், லட்சத்தை விட்டுவிடுகிறேன்.

கேடி மகன்:
இதில் மூணு பட் சொல்வது சரி. பிளேடை எவ்வளவு அழகாகச் செய்தாலும் முறுக்குக்கு எதிராக அது மாலட்டிடம் தோற்கும். ஆனால் நம் பெர்முடா புல் கிரீன்களில் புல் சாய்வு பந்தை இழுக்கும்போது, தூரத்தைக் கை உணர்ந்தால்தான் மூன்றாவது பட் வராது. அதற்குச் சத்தமும் எடையும் உதவும். அது ஆளுக்கு ஆள் மாறும், மற்றவர்கள் அளந்து சொல்ல முடியாது.

மூணு பட்:
அளக்க முடியாததற்குத்தான் இங்கே எல்லாரும் லட்சம் கொடுக்கிறார்கள். சரி, சார் ஒன்று செய்யட்டும். ஞாயிறு காலை பிராக்டிஸ் கிரீன். ஆறடியில் பந்தை வைத்து, அதற்கு ஒன்றரை அடி முன்னால் பந்து மட்டும் நுழையும்படி இரண்டு டீ (பந்தை ஏற்றி வைக்கும் சிறு குச்சி) குத்துவோம். இந்த பட்டரில் இருபது, என் மாலட்டில் இருபது. வரிசையை மாற்றி மாற்றி அடிக்கணும், இல்லாவிட்டால் கை பழகியதால் வந்ததா, பட்டரால் வந்ததா என்று தெரியாது.

அடையாறு ஆலமரம்:
வருகிறேன். கிரிப் தடிமன் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், உங்களுடையது உலக்கை மாதிரி இருக்கிறது. அப்புறம், தோற்றாலும் விற்பதாக இல்லை.

மூணு பட்:
விற்கச் சொல்லவில்லை சார். கிரிப் மாற்றுகிற செலவு உங்களுடையது.