இன்வேர்ட்டர் கணக்கை நாங்களே வயரால எடுக்கவேணுமோ, கம்பனி ஆப் காணுமோ?

கிணத்தடி (கோண்டாவில்):
எங்கட கூரையில 5 கிலோவாட் சோலார். பற்றரி இல்லை, லைனோட சேர்ந்து ஓடுற இன்வேர்ட்டர் (பனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமா மாத்திற பெட்டி). கம்பனி தந்த ஆப் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காத்தான் கணக்குக் காட்டும். அதுவும் வெளிநாட்டுச் சேர்வருக்குப் போய்த் திரும்பி வரவேணும். போன மாதம் அந்தச் சேர்வர் மூண்டு நாள் படுத்திட்டுது. வெயில் ஏற மோட்டர் ஓடவேணும் எண்டு நான் எழுதி வைச்சதெல்லாம் அதோட நிண்டு, அம்மா வாளியால தண்ணி அள்ளினவ. இப்ப இன்வேர்ட்டரில தகவல் எடுக்கிற ஆர்எஸ்485 வாயில இருந்து வயர் இழுத்து, ஈஎஸ்பி32 எண்ட சின்ன வைபை போர்ட் ஒண்டு பூட்டி, பத்து செக்கனுக்கு ஒருக்கா நேரா ஹோம் அசிஸ்டன்டுக்கு (வீட்டுக் கம்பியூட்டரிலயே ஓடி வீட்டுச் சாமான்களை இயக்கிற மென்பொருள்) எடுக்கிறன். இன்டர்நெட் இல்லாட்டியும் ஓடுது. சோலார் வைச்சிருக்கிற எல்லாரும் இதைச் செய்யவேணும்.

வடலி (சாவகச்சேரி):
தம்பி, எல்லாரும் எண்டு சொல்லாதேங்கோ. நான் வயரிங் வேலை செய்யிற ஆள். மூடியைக் கழட்டினா உள்ளுக்க பனலில இருந்து வாற டிசி (நேர்மின்சாரம்) நிக்குது, பல இன்வேர்ட்டரில 400 வோல்ட்டுக்கும் மேல. மெயின் சுவிச்சை நிப்பாட்டினாலும் வெயில் இருக்குமட்டும் பனல் பக்கத்து வயரில அது போகாது. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு நீங்கள் இழுத்த வயரும் ஒரு வழி. எரிஞ்சால் வொறண்டி தரமாட்டினம். அஞ்சு நிமிசம் பிந்தினால் என்ன குறைஞ்சு போகும்?

மாமரநிழல் (மானிப்பாய்):
அண்ணை சொன்னது பாதுகாப்பு. நான் காசைச் சொல்லுறன். நெற் மீற்றரிங்கில பகல் அனுப்பிற யுனிற்றும் இரவு எடுக்கிற யுனிற்றும் ஒண்டுக்கொண்டு கழியும். மோட்டரை மத்தியானம் போட்டாலும் இரவு எட்டு மணிக்குப் போட்டாலும் பில் ஒண்டுதான். நெற் பிளஸ் எண்டால் உற்பத்தி முழுக்கத் தனி மீற்றரால வெளியில போகும், வீட்டுப் பாவனை அதில சேராது. அப்ப இந்தப் பாடு எதுக்கு, தம்பி?

கிணத்தடி:
அக்கா, நான் நெற் மீற்றரிங்தான். மோட்டர் ஓடுற நேரத்தால பில் மாறாது, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் வயரால எடுக்கத் தொடங்கி மூண்டாம் நாள்தான் உண்மையான நட்டம் தெரிஞ்சுது.

எங்கட வீடு லைன் முடிவில. மத்தியானம் பக்கத்து வீட்டுச் சோலார்களும் சேர்ந்து தள்ள, வோல்ட் ஏறும். என்ர இன்வேர்ட்டரில வைச்ச எல்லை 253, அதாவது 230 ஓட நூற்றுக்கு பத்து. அதைத் தாண்டினால் இன்வேர்ட்டர் தானா நிண்டிடும். 12:17க்கு நான் பாத்துக்கொண்டு நிக்க றெஜிஸ்டரில (இன்வேர்ட்டர் ஒவ்வொரு கணக்கையும் வைக்கிற நம்பர் போட்ட இடம்) 2517, 2528, 2534 எண்டு வந்துது. பத்தால பிரிச்சால் 251.7, 252.8, 253.4. அடுத்த வாசிப்பில வாட் சைபர். சுவரில "டக்" எண்டு றிலே விழுந்த சத்தம். அறுபது செக்கன் பொறுத்துத் திரும்பப் பிடிச்சுது. அண்டைக்கு மட்டும் இப்பிடிப் பதினொரு தரம். ஆப்பில அதே மத்தியானம் சின்னப் பள்ளமாத்தான் கிடக்கு. முகில் போச்சாக்கும் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான்.

இப்ப வோல்ட் 250 தாண்டினவுடன கிணத்து மோட்டர் ஓடும். வோல்ட் ரெண்டு அளவில இறங்குது. சில நாளில அந்த ரெண்டு காணும். அஞ்சு நிமிசம் பிந்தின கணக்கால இதைச் செய்ய ஏலாது, வடலி அண்ணை.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில கூரைச் சோலார்க்காரரைப் பகலில நிப்பாட்டி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டதும் நினைவிருக்கும். பாவனை குறைஞ்ச நேரத்தில உற்பத்தி மிஞ்சிற பிரச்சினைதான் அதுவும். வீட்டுக்குள்ளயே செலவழிக்கிறது லைனுக்கும் நல்லம்.

தீவான் (வேலணை):
என்ர இன்வேர்ட்டரில அந்த வாயில ஏற்கனவே கம்பனியின்ர வைபை குச்சி இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பூட்டலாமோ?

கிணத்தடி:
வேண்டாம். அந்த வயரில இன்வேர்ட்டர் பேசுற முறை மொட்பஸ் ஆர்டியு. அதில கேள்வி கேக்கிறது ஒரு ஆள்தான். ரெண்டு பேர் ஒரே வயரில கேட்டால் மறுமொழி குழம்பும். வேற வாய் இருந்தால் அதைப் பாவியுங்கோ. இல்லாட்டி குச்சியைக் கழட்டத்தான் வேணும். புத்தகத்தில றெஜிஸ்டர் 40001 எண்டு இருந்தால் கட்டளையில 0 எண்டு குடுக்கவேணும். இந்த ஒண்டு பிசகி நான் ரெண்டு பின்னேரம் சும்மா இருந்தன்.

வடலி:
தம்பி, வோல்ட் கதை நியாயம். அதை நான் யோசிக்கேல்லை. ஆனால் எப்பிடிப் பூட்டினீங்கள் எண்டு சொல்லாமல் மற்றவையைச் செய்யச் சொல்லுறது பிழை. இன்னொண்டு, எங்கட யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்க நிக்கிற மழைத்தண்ணிதான். கோடையில கூட இறைச்சால் கீழ கிடக்கிற உவர் மேல வரும். வோல்ட் இறக்கவெண்டு தண்ணி இறைச்சுக் கொட்டிறதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன்.

கிணத்தடி:
பூட்டினது இப்பிடி: வாய் வெளியில, அடியில இருக்கு. மூடி கழட்டேல்லை. மின் தனிமைப்படுத்தின ஆர்எஸ்485 மொடியூல், செக்கனுக்கு 9600 பிற் வேகம். வாசிக்கிற 03, 04 கட்டளை மட்டும். எழுதுற 06, 16 நிரலிலயே இல்லை, அதால இன்வேர்ட்டரின்ர செற்றிங்கை அது மாத்த ஏலாது. மின்னலுக்கு நான் ஒண்டும் போடேல்லை. அது என்ர பிழை, மாரிக்கு முதல் சேர்ஜ் அரெஸ்ரர் (மின்னலால திடீரெண்டு ஏறுற வோல்ட்டை நிலத்துக்கு விடுற சாமான்) போடுறன்.

தண்ணி விசயம் நான் யோசிக்கேல்லை, அண்ணை. தாங்கி நிரம்பினால் மிதவை மோட்டரை நிப்பாட்டும். ஆனால் கிணத்துப் பக்கத்தில ஒண்டும் இல்லை. ஆவணியில எங்கட கிணறு ரெண்டு முழத்துக்கு வந்திடும். மோட்டருக்குப் பதிலா என்னத்தை ஓட்டலாம்?

மாமரநிழல்:
சுடுதண்ணிக் கீசர் இருக்கோ? 2 கிலோவாட் எண்டால் மோட்டரை விடக் கூட இழுக்கும், தண்ணியும் வீணாகாது.

கிணத்தடி:
கீசர் இல்லை, அக்கா. சோறு ஆக்கிற ரைஸ் குக்கர் 700 வாட். அம்மா பதினொன்றரைக்குப் போடுறவ. பன்னிரண்டுக்குத் தள்ளச் சொல்லிக் கேட்டுப் பாக்கிறன்.