அழவைத்துவிட்டுப் போக வந்தவர்கள் அல்லர்

வீட்டில் உள்ள துப்பாக்கிகளைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற மசோதாவுக்காக அமெரிக்காவில் எங்கள் மாநிலச் சட்டமன்றக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. நானும் பேசப் போயிருந்தேன். ஆளுக்கு இரண்டு நிமிடம்தான்.

எனக்கு முன்னால் பேசிய பெண், நண்பன் வீட்டுக்கு விளையாடப் போன மகனைப் பறிகொடுத்தவர். அந்த வீட்டில் கட்டிலோரத்து இழுப்பறையில், குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி பூட்டாமல் கிடந்திருக்கிறது. மகன் இறந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். மீதி நேரமெல்லாம் என்ன பூட்டு, சாவி யார் கையில், தோட்டாக்கள் எங்கே இருக்க வேண்டும் என்பது பற்றித்தான். நேரம் முடியப்போவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உறுப்பினர்களின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

வெளியே வந்தபோது, "அந்த நாளை முழுதாகச் சொன்னால் அன்று இரவு தூக்கம் போய்விடும். எதைச் சொல்வது, எதை எனக்கென்று வைத்துக்கொள்வது என்பதை நான்தான் முடிவு செய்கிறேன்" என்றார். இப்படி இழப்பைச் சுமந்துகொண்டு பேச வருபவர்களைத் தைரியசாலிகள் என்று புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோமே, அது எனக்குப் பொறுக்கவில்லை. லூசி மெக்பாத்தின் 17 வயது மகன் ஜோர்டன் டேவிஸ், 2012 நவம்பரில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரப் பெட்ரோல் நிலையத்தில், காரில் பாட்டுச் சத்தம் அதிகம் என்ற தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டான். விமானப் பணிப்பெண்ணாக இருந்த அவர், 2018இல் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்கே தேர்வானார். அனுதாபம் தேடியா அங்கே போனார்? சட்டம் வேண்டும் என்றுதான் போனார்.

எனக்கு முன்னால் பேசிய அந்தத் தாய் என்னிடமும் ஒன்று கேட்டுக்கொண்டார். குழந்தையை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்புமுன், அங்கே பூட்டாத துப்பாக்கி உண்டா என்று கேட்க வேண்டுமாம். அழைத்தவரிடம் அதை எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். "குழந்தைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்று சொல்கிறீர்கள் அல்லவா? அதே மூச்சில் கேளுங்கள்" என்றார். இப்போதெல்லாம் கேட்கிறேன். இதுவரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். குடும்ப வன்முறைக்குத் தப்பி வந்த பெண்களின் காப்பகத்தில் நான் மொழிபெயர்த்து உதவுகிறேன். அங்கே அறிமுகமான ஒருவர் மீது குண்டு பட்டதே இல்லை. சண்டை வந்தால் கணவர் துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைப்பாராம். அவ்வளவுதான். 'சுடவில்லையே, இதைப் போய் என்னவென்று சொல்வது' என்று வெகுகாலம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். இன்று காவலர் பயிற்சி வகுப்புகளில் அதைத்தான் சொல்கிறார்: "அடித்தாரா என்று கேட்கும்போதே, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள்."

குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை ஆணைக்கு உள்ளானவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டத்தை, 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் உறுதிசெய்தது. ஆனால் ஏற்கெனவே வீட்டில் இருக்கும் துப்பாக்கியை யார் போய் வாங்கி வருவது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. அடுத்த வகுப்பில் அதைக் கேட்கப் போவதாக அந்தப் பெண் சொன்னார்.