மாரி மழையில் வல்லை வெளியை சைக்கிளில் கடப்பவர்களிடம் ஓர் உதவி

அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாண நகரில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்க சைக்கிளில் பருத்தித்துறைக்குப் போவேன். முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல் வரும்.

கோப்பாய், நீர்வேலி, புத்தூர் வரைக்கும் வீடும் வேலியும் மரமும் காற்றை மறிக்கும், பிரச்சினை இல்லை. அதற்கு அப்பால் வல்லை வெளி என்ற திறந்த வெட்டைக்குள் இறங்கினால்தான் பாடு. மாரியில் வடகீழ்க் காற்று நேரே முகத்தில் அடிக்கிறது, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. போன கிழமை பாலத்துக்குக் கிட்ட பஸ் ஒன்று முந்திப்போனபோது காற்று ஒருகணம் மறிபட்டு, திரும்பச் சட்டென்று தள்ளியதில் விழப் பார்த்தேன். மழை நனைந்த ரிம்மில் பிரேக் கட்டையும் பிடிக்கவில்லை. உண்மையில் பயந்துவிட்டேன்.

மழைக்கோட்டும் பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடிக்கிறது. வேலை முடிந்து புறப்பட்டால் வெளியைத் தாண்டும்போது இருட்டிவிடும், அதனால் பின் விளக்கும் தேவை. மழைக்குத் தாங்கும் விளக்கு, ஈரத்திலும் பிடிக்கும் பிரேக் கட்டை நகரில் எங்கே வாங்கலாம்? அப்புறம், வெளி நடுவில் மின்னல் தொடங்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள், திரும்புவீர்களா?

பஸ்ஸில் போ என்று சொல்வீர்கள், தெரியும். அம்மா வீட்டில் ஓடித்திரிய சைக்கிள் வேண்டும். இந்தப் பாதையில் மாரியிலும் ஓடுகிறவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.