சலூன் கண்ணாடியில் பிம்பம் முடிவே இல்லாமல் போகிறதா?

ரசம்போனவன்:
ஓர் அறிவியல் பக்கத்தில் "எதிரெதிரே இரண்டு கண்ணாடி வைத்தால் முடிவில்லாத பிம்பங்கள் உருவாகும்" என்று போட்டிருக்கிறார்கள். கீழே அத்தனை பேரும் ஆமாம் சாமி. நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன், சலூன்களுக்கு மாட்டிக் கொடுப்பவன். எந்தச் சலூனிலும் முடிவிலியைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவை பட்டுத் திரும்பும்போதும் ஒளியில் 10 சதவீதம் போகிறது என்று வையுங்கள். 20-வது பிம்பத்துக்கு மிஞ்சுவது 12 சதவீதம். 50-வதுக்கு அரை சதவீதம். அப்புறம் எங்கே முடிவிலி?

பௌதிக வாத்தியார்:
தம்பி, பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. 360-ஐக் கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள கோணத்தால் வகுத்து ஒன்றைக் கழிக்க வேண்டும். 90 பாகைக்கு 3 பிம்பம், 60-க்கு 5. இணையாக வைத்தால் கோணம் 0, பிம்பம் முடிவிலி. முதல் கண்ணாடியின் பிம்பம் இரண்டாவதற்குப் பொருளாகிறது, அதன் பிம்பம் திரும்ப முதலாவதற்குப் பொருளாகிறது. இந்தச் சங்கிலி எந்த இடத்தில் அறுகிறது என்று காட்டுங்கள்.

கடைசி பெஞ்ச்:
பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று எங்கள் கணக்கு டீச்சர் சொன்னாரே, உங்கள் பள்ளியில் சொல்லவில்லையா சார்?

பௌதிக வாத்தியார்:
கேலி வேண்டாம். கணக்காகவே தருகிறேன். கண்ணாடிகளுக்கு நடுவே 3 மீட்டர் இடைவெளி. முன் கண்ணாடியிலிருந்து 1 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் 1, 5, 7, 11, 13 மீட்டரில் பிம்பங்கள் வரும். முகம், பின்னந்தலை, முகம், பின்னந்தலை என்று மாறி மாறி. 20-வது பிம்பம் 59 மீட்டரில். இந்த வரிசைக்குக் கடைசி எண் எது?

ரசம்போனவன்:
காகிதத்தில் கடைசி எண் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். நான் சலூனைக் கேட்கிறேன். 59 மீட்டரில் தெரியும் பின்னந்தலையை எண்ணிக் காட்டுங்கள். சுவரில் ஆணி ஒரு நூல் விலகினாலும் வரிசை வளைந்து விளிம்புக்கு வெளியே ஓடிவிடும். நேராக மாட்டினால் உங்கள் தலையே மறைத்துக்கொள்ளும்.

பௌதிக வாத்தியார்:
கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இல்லையென்று ஆகிவிடுமா? பிம்பம் உருவாவது வேறு, தெரிவது வேறு.

நெல்லை மைந்தன்:
யாரும் பச்சையைப் பற்றிப் பேசவில்லையே. உள்ளே போகப் போகப் பிம்பங்கள் பாசி படிந்த மாதிரி பச்சையாகின்றன. ரசம் மட்டமானதாலா?

ரசம்போனவன்:
ரசத்தைக் குறை சொல்லாதீர்கள் அண்ணாச்சி. கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்புதான் காரணம். வெட்டிய விளிம்பைப் பாருங்கள், பச்சையாக இருக்கும். ரசம் பின்புறம் இருப்பதால் 4 மில்லிமீட்டர் கண்ணாடியில் ஒளி உள்ளே போய் வெளியே வர 8 மில்லிமீட்டர் கடக்கிறது. 20 தடவையில் 16 சென்டிமீட்டர் கண்ணாடி. 2004-ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ் இதழில் ரேமண்ட் லீயும் ஹவியர் ஹெர்னாண்டஸ் ஆந்த்ரேசும் இதை அளந்தே எழுதியிருக்கிறார்கள். 510 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சைதான் கடைசி வரை தாக்குப்பிடிக்கிறது.

பௌதிக வாத்தியார்:
அது உங்கள் கடைச் சரக்கின் குறை. ஈர்ப்பலைகளைக் கண்டறியும் லைகோ ஆய்வகத்தில் 4 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஆடிகளுக்கு நடுவே லேசர் சுமார் 300 தடவை எதிரொளிக்கிறது. நல்ல ஆடி இருந்தால் ஒளி சாகாது.

ரசம்போனவன்:
300 என்று நீங்களே எண் சொல்லிவிட்டீர்கள். முடிவிலி என்று சொல்லவில்லை.

கடைசி பெஞ்ச்:
குறையே இல்லாத ஆடி என்றே வைப்போம். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். 3 மீட்டர் இடைவெளியில் ஒரு நொடிக்கு 10 கோடி தடவை பட்டுத் திரும்பும். பெரிய எண்தான், ஆனால் எண். விளக்கைப் போட்ட நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டென்றால் பிம்பத்துக்கும் உண்டு.

பௌதிக வாத்தியார்:
விளக்கை யார் கேட்டார்கள்? போன மாதம் பானைத் தண்ணீர் விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து குழப்பினீர்கள். பதில் சொல்ல முடியாமல் இரண்டு நாள் ஆளையே காணோம். திரும்பவும் கேட்கிறேன், சங்கிலி எங்கே அறுகிறது?

கடைசி பெஞ்ச்:
அப்போது அக்கா கல்யாணம் சார். பானை ஏன் குளிர்கிறது என்ற கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

நெல்லை மைந்தன்:
இரும்பு குறைந்த கண்ணாடி என்ன விலை வரும் தம்பி? மச்சான் கடைக்கு மாட்ட வேண்டும்.

ரசம்போனவன்:
தனிச்செய்தியில் வாருங்கள் அண்ணாச்சி. வாத்தியார் சார், ஒளி தேயும் இடத்தில்தான் சங்கிலி அறுகிறது. முதல் பதிவிலேயே எழுதிவிட்டேன், படித்துவிட்டு வாருங்கள்.

பௌதிக வாத்தியார்:
தேய்வது அறுவது ஆகாது. அரை சதவீதமும் ஒளிதான், அதில் பாதியும் ஒளிதான்.

கடைசி பெஞ்ச்:
ஒளியின் பிரிக்க முடியாத துகள்தான் ஃபோட்டான். அரை ஃபோட்டான் எந்தக் கடையில் கிடைக்கும் சார்?

பௌதிக வாத்தியார்:
முப்பது வருடம் பாடம் நடத்தியவனிடம் ஃபோட்டானா? பானை விவாதத்தின் சுட்டியை எடுத்துப் போடுகிறேன், அங்கே வாருங்கள்.