ராஜினாமா கொடுத்துவிட்டு ‘கன்சல்டன்ட்’ ஆகச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கோவை_டிசைன்:
கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் மெக்கானிக்கல் டிசைன் இன்ஜினியர். சர்வீஸ் 5 வருடம் 3 மாதம். சம்பளம் 48,000, பேசிக் 24,000, பிஎஃப் முழு பேசிக்குக்கும் பிடிக்கிறார்கள். வரும் ஒன்றாம் தேதியிலிருந்து கன்சல்டன்ட், அதற்கு முன் ராஜினாமா கொடுத்துவிட வேண்டும் என்கிறது ஹெச்ஆர். மாதம் 52,000, அதில் 10% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி). அதே சீட், அதே பயோமெட்ரிக், அதே மேனேஜர். “கையில் கூடத்தானே வருது” என்கிறார்கள். உண்மையில் லாபமா? மறுத்தால் என்ன ஆகும்?

கணக்குப்புள்ளி:
அந்த 4,000 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இப்போது உங்களுக்காகக் கம்பெனி கட்டும் பிஎஃப் 24,000-ல் 12%, அதாவது 2,880. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை; வருடத்துக்கு 15 நாள் பேசிக், மாதத்துக்கு 26 வேலைநாள் கணக்கில்) மாதம் சேர்வது 24,000 × 15 ÷ 26 ÷ 12 = 1,154. கூட்டினால் 4,034. ஆக, ஏற்கெனவே உங்கள் பெயரில் செலவாகும் பணத்தைத்தான் சம்பள உயர்வு மாதிரி காட்டுகிறார்கள். சம்பளத்தோடு கிடைக்கும் லீவு, குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ், வேலையில் இருக்கும்போது இறந்தால் பிஎஃப் வழியாகக் குடும்பத்துக்கு வரும் 7 லட்சம் வரையிலான காப்பீடு, இதற்கெல்லாம் ஒரு பைசா ஈடு இல்லை.

டிடிஎஸ் போக கையில் 46,800. இப்போது பிஎஃப் போக 45,120. அந்த 1,680 தான் “கூட வருது”. பதிலுக்கு உங்கள் பங்கும் கம்பெனி பங்குமாக மாதம் 5,760 பிஎஃப் கணக்கில் ஏறுவது நிற்கிறது. வருடத்துக்கு 62,400 டிடிஎஸ் போகும். வேறு வருமானம் இல்லையென்றால் புதிய வரி முறையில் உங்களுக்கு வரியே வராது, ஆனால் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வரும்வரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். இன்ஜினியரிங் ஆலோசனைக்கு வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் வசதி உண்டு, ஐடிஆர் 4 என்ற ரிட்டர்ன் படிவத்தில். ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்று சொன்னால் நம்பாதீர்கள். சேவைக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டினால்தான்.

வீட்டுக் கடன் யோசனை இருந்தால் இன்னொரு சிக்கல்: சுயதொழில் என்றானதும் வங்கிகள் பொதுவாக 2 வருட ரிட்டர்ன் கேட்கும்.

லேபர்_கோர்ட்_வாசல்:
கணக்கைவிட முக்கியம் அந்த ராஜினாமா கடிதம். கம்பெனிக்குத் தேவை அதுதான். நீங்களாகப் போகாமல் ஆட்குறைப்பு என்று அவர்கள் நீக்கினால் 1 மாத நோட்டீஸ் தர வேண்டும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். உங்களுக்கு அது ஏறக்குறைய இரண்டரை மாதச் சம்பளம். தொழில்நுட்ப வேலை செய்பவருக்கு இது பொருந்தும்; நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் மேனேஜருக்குப் பொருந்தாது. ‘சொந்தக் காரணம்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அத்தனையும் போச்சு.

‘கன்சல்டன்ட்’ என்று காகிதத்தில் எழுதிவிட்டால் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-லேயே இதைத் தெளிவாக்கியது. தையற்காரர்களுக்குக் கூலி உருப்படிக் கணக்கில்தான். ஆனால் மெஷின் கடையுடையது. தைத்தது சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் அதிகாரம் முதலாளியிடம். அவர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பு. உங்கள் பயோமெட்ரிக்கும் லீவு அனுமதி மெயிலும் அதே வகை ஆதாரம்.

அக்ரிமென்ட்டில் ‘வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது’, ‘காலை 9.30-க்கு வர வேண்டும்’ என்று இருந்தால் நீக்கச் சொல்லிப் போராட வேண்டாம். பின்னால் உங்களுக்கு உதவப் போவது அந்த வரிகள்தான். கட்டாயம் நீக்க வேண்டியது வரம்பில்லாத நஷ்ட ஈட்டுப் பொறுப்பு. ஒரு டிராயிங் தப்பானால் அதை வைத்து வார்த்த உருப்படிகளின் செலவு முழுக்க உங்கள் தலையில் விழும்.

கோவை_டிசைன்:
நன்றி சார். ஒரு தப்பு செய்துவிட்டேன். நேற்றே ‘பர்சனல் ரீசன்’ என்று மெயில் போட்டாச்சு. கடைசி நாள் 30-ம் தேதி.

லேபர்_கோர்ட்_வாசல்:
இன்றே வாபஸ் வாங்குங்கள். கடைசித் தேதி வைத்துக் கொடுத்த ராஜினாமாவை அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்பதே பொதுவான நிலை. அவர்கள் ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று அனுப்புவதற்குள் போனால் இன்னும் வலு. நாலு வரி போதும்: “கன்சல்டன்ட் ஒப்பந்தத்துக்கு மாற வேண்டும் என்று நிர்வாகம் இன்ன தேதியில் கூறியதால் ராஜினாமா அனுப்பினேன். அது என் சொந்த விருப்பம் அல்ல. அதைத் திரும்பப் பெறுகிறேன். தொடர்ந்து வேலைக்கு வருகிறேன்.” மெயிலோடு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பிஎஃப் பாஸ்புக் எல்லாம் சொந்த மெயிலுக்கு வரட்டும். டிராயிங் ஃபைல் ஒன்றைக்கூட எடுக்காதீர்கள், அதை வைத்தே உங்கள் மேல் புகார் வரும். வேலைக்கு வர விடாவிட்டால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள்.

கணக்குப்புள்ளி:
ஒருவேளை வெளியேறுவதே முடிவானால் கிராஜுவிட்டியை விடாதீர்கள். 24,000 × 15 ÷ 26 × 5 = 69,231 ரூபாய், 30 நாளுக்குள் தர வேண்டும். ராஜினாமா செய்தாலும் 5 வருடம் முடிந்தவருக்கு அது உரிமை. ஐந்தரை வருடத்தைத் தாண்டியபின் போனால் 6 வருடமாகக் கணக்கிடுவார்கள், 13,846 கூடும். மூன்று மாதம்தானே பாக்கி. பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் 1,250 ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறியிருந்தால் 10சி படிவத்தில் பணமாக எடுக்காமல் ஸ்கீம் சர்டிஃபிகேட் (பென்ஷனுக்கான சர்வீஸைக் காட்டும் சான்று) வாங்குங்கள். அடுத்த வேலையில் இந்த 5 வருடமும் பென்ஷனுக்கான 10 வருடக் கணக்கில் சேரும்.