யூரிக் ஆசிட் 8.2, வலி ஒன்றுமில்லை: மாத்திரை வேணுமா?

தெற்குத்தெரு:
மாஸ்டர் செக்கப் முடிச்ச நாற்பது, ஐம்பது வயசு ஆம்பளைங்க கையில அடிக்கடி பார்க்கிற ரிப்போர்ட் இது. யூரிக் ஆசிட் 8.2, பக்கத்துல மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. வீக்கமோ மூட்டு வலியோ கிடையாது. ஆனா சீட்டுல யூரிக் ஆசிடைக் குறைக்கிற ஃபெபக்ஸோஸ்டாட் 40, எத்தனை மாசம்னு குறிப்பே இல்லை. இது அநாவசியம். வலியே வராதவங்களுக்கு ஆரம்பிக்க வேண்டாம்னுதான் அமெரிக்க ருமட்டாலஜி (மூட்டு நோய் மருத்துவ) கல்லூரியோட 2020 வழிகாட்டியும் சொல்லுது. அதுல ஒரு கணக்கு இருக்கு: 24 பேர் 3 வருஷம் மாத்திரை போட்டா ஒரே ஒரு கௌட் (யூரிக் ஆசிட் படிகத்தால வர்ற மூட்டு வீக்கம்) தாக்குதலைத் தடுக்கலாம். மத்தவங்க சும்மா விழுங்கறாங்க.

மாத்திரைப்பெட்டி:
அமெரிக்காவை மட்டும் பார்த்தா எப்படி சார்? ஜப்பான்காரங்க வழிகாட்டியில, வலியே இல்லாட்டியும் 9-ஐ எட்டினா மருந்து யோசிக்கலாம். கிட்னிக் கோளாறு, பிரஷர் கூட இருந்தா 8-லயே. யூரேட், அதாவது ரத்தத்துல இருக்கிற யூரிக் ஆசிட், கரையற எல்லை சுமார் 6.8தான். அதைத் தாண்டினா மூட்டுல படிகம் சேர வாய்ப்பு உண்டு. வலி இல்லாதவங்க சிலருக்கும் அல்ட்ராசவுண்டுல அது தெரியுது. கட்டைவிரல் வீங்கி ராத்திரி அலறுற வரைக்கும் காத்திருக்கணுமா?

தெற்குத்தெரு:
படிகம் தெரியறது வேற, மருந்தால நல்லது நடக்குதான்றது வேற. கிட்னியைக் காப்பாத்தும்னு நம்பி, யூரிக் ஆசிடைக் குறைக்கிற இன்னொரு மாத்திரையான அல்லோபியூரினால் கொடுத்துப் பார்த்த சிகேடி-ஃபிக்ஸ், பெர்ல் ரெண்டு ஆய்வும் 2020-ல வந்துச்சு. கிட்னி சரிவு குறையவே இல்லை. இதயத்துக்கு 2022-ல ஆல்-ஹார்ட், 60 வயசு தாண்டின இதய நோயாளிகள் 5,700-க்கு மேல. அதுலயும் பலன் இல்லை. போதாக்குறைக்கு ஃபெபக்ஸோஸ்டாட்டுக்கு, இதய நோயால சாகிற ஆபத்துன்னு 2019-ல அமெரிக்க மருந்துத் துறை கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கு.

மாத்திரைப்பெட்டி:
அந்த எச்சரிக்கைக்கு அடிப்படையான ஆய்வுல இருந்தவங்க எல்லாம் ஏற்கெனவே இதய நோய் உள்ள கௌட்காரங்க. அடுத்த வருஷமே ஐரோப்பாவுல ஃபாஸ்ட் ஆய்வு வந்து, அல்லோபியூரினாலை விட ஆபத்து கூடலைன்னு சொல்லிடுச்சு. பாதியை மட்டும் எடுத்துப் பேசாதீங்க.

கொடிவேரி:
ரெண்டு அண்ணன்மாரும் 8.2 எதனால வந்துச்சுன்னே கேக்கலையே! முதல்ல பிரஷர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. பேருக்குப் பின்னாடி 'எச்'னு ஒரு எழுத்து ஒட்டியிருந்தா, டெல்மிசார்டன் 40 கூட ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்திருக்கும். மூத்திரத்தைக் கூட்டுற அந்த ரெண்டாவது மருந்து யூரிக் ஆசிடை வெளியே விடாமப் பிடிச்சு வைக்கும். டாக்டர்கிட்ட சொன்னா மாத்தித் தருவார். லோசார்டன் யூரிக் ஆசிடைக் கொஞ்சம் குறைக்கவே செய்யும். ஆஸ்பிரின் 75-உம் ஏத்தும், ஆனா இதயத்துக்காகக் கொடுத்ததுன்னா அதுல கை வைக்கக் கூடாது.

சாப்பாட்டுல நடக்கிற கூத்து தனி. துவரம்பருப்பு, தக்காளி, கீரையை எல்லாம் நிறுத்திட்டு ஞாயித்துக்கிழமை ஈரல் வறுவலும் நெத்திலிக் கருவாடும், கூட ரெண்டு பீரும்! பருப்பு, கீரையால கௌட் வர்ற ஆபத்து கூடுறதில்லை. பீர், பாட்டில் குளிர்பானம், ஈரல், மத்தி, நெத்திலி, இதுகதான் ஆளு. பட்டினி கிடந்து எடையைச் சடார்னு குறைச்சாலும் ஏறும். இருந்தாலும் பத்தியத்தால மட்டும் இறங்கறது பெரும்பாலும் 1 புள்ளி கிட்டத்தான்.

மாத்திரைப்பெட்டி:
அட்டையைப் பார்க்கச் சொன்னது சரி, தம்பி. ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவை தாக்குதல் வர்றவங்க, மூட்டுல கட்டி விழுந்தவங்க பத்தியத்தை நம்பி உட்கார முடியாது. அல்லோபியூரினால் 100-ல தொடங்கி (கிட்னி மோசம்னா 50), சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து ஏத்தி, 6-க்குக் கீழே கொண்டு வரணும். இங்கே பலரும் 100-லயே வருஷக்கணக்கா நின்னுடறாங்க. தொடங்கின புதுசுல படிகம் கரையும்போது வலி கிளம்பும். மாத்திரைதான் காரணம்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அதுக்குத்தான் அந்த வலியைத் தடுக்கிற கோல்ச்சிசின் 0.5 தினம் ஒண்ணு, 3 முதல் 6 மாசம். உடம்புல தடிப்பு வந்தா மட்டும் அல்லோபியூரினாலை அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டரைப் பார்க்கணும்.

தெற்குத்தெரு:
இதுல எனக்கு மறுப்பே இல்லை. அது கௌட்தானான்னு பாருங்கன்றேன். கௌட் வலி 24 மணி நேரத்துக்குள்ள உச்சிக்குப் போகும், போர்வை பட்டாலே தாங்காது, ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா வடியும். மாடிப்படி ஏறும்போது மட்டும் முட்டி வலிச்சா பெரும்பாலும் தேய்மானம். வலி உச்சத்துல இருக்கும்போது யூரிக் ஆசிட் நார்மலாக் கூடக் காட்டும். வடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்ப எடுக்கணும்.

மாத்திரைப்பெட்டி:
சரி, வலி இல்லை, ஆனா 9.5, கிட்னி வேலையைக் காட்டுற கிரியாட்டினினும் ஏறியிருக்கு. அந்த ஆளுக்கு?

தெற்குத்தெரு:
'எச்'சை மாத்தி, பீரை நிறுத்தி, மூத்திரத்துல ஆல்புமின்ங்கிற புரதம் போகுதான்னு பார்த்து, ஆறு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுப்பேன். அப்பவும் 9-க்கு மேலன்னா கிட்னி டாக்டர் முடிவு பண்ணட்டும்.

மாத்திரைப்பெட்டி:
நானா இருந்தா அந்த ஆறு வாரமும் காத்திருக்க மாட்டேன்.