அப்பா சாயங்காலமானால் கிளம்பிவிடுகிறார், கதவைப் பூட்டி வைக்கலாமா?

கடைக்குட்டி:
அப்பாவுக்கு அல்சைமர். பகலில் பரவாயில்லை. பொழுது சாய ஆரம்பித்ததும் செருப்பைத் தேடுவார், "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்" என்பார். இதுதானப்பா நம்ம வீடு என்று சொன்னால் அவ்வளவுதான், கோபம் தலைக்கேறிவிடும். போன வாரம் நான் துணி காயப்போடப் போன நேரத்தில் வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்துப் பற்றவைத்திருக்கிறார். நான் வெளியே போகும்போது அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகச் சொல்கிறான் அண்ணன். மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

சாந்தி அக்கா:
தனியாக உள்ளே வைத்துப் பூட்டவே பூட்டாதீர்கள். தீப்பிடித்தாலோ அவர் விழுந்தாலோ யார் திறப்பது? நீங்கள் வீட்டில் இருக்கும்போது என்றால் சரி, தாழ்ப்பாளைக் கதவின் உச்சியில் மாற்றிப் போடுங்கள், பெரும்பாலும் அங்கே கை போகாது. கதவு திறந்தால் ஒலிக்கிற மணி ஒன்றும் மாட்டுங்கள். செருப்பு, பை, குடை எதுவும் வாசலில் கண்ணில் படக் கூடாது, அதைப் பார்த்தாலே கிளம்பத் தோன்றும். சமையல் முடிந்ததும் கேஸ் மெயின் வால்வை மூடிவிடுங்கள்.

அப்புறம், இதுதான் வீடு என்று நிரூபிக்கப் பார்க்காதீர்கள். "அங்கே யார் இருக்காங்கப்பா?" என்று கேட்டுப் பாருங்கள், பேசப் பேசத் தணிவார். பல நேரம் பசியாக இருக்கும், அல்லது சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கும், அதைச் சொல்லத் தெரியாமல்தான் வீட்டுக்குப் போகணும் என்கிறார்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்கை எல்லாம் போட்டுவிடுங்கள்.

பழையவன்:
அக்கா சொன்னதோடு பாத்ரூமையும் பாருங்கள், என் அனுபவத்தில் வாசலைவிட அங்கேதான் ஆபத்து அதிகம். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். ஹீட்டரை 49 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம், சூடு தெரிந்து கையை இழுக்க அவர்களுக்கு நேரமாகும். வெள்ளைத் தரையில் வெள்ளை டாய்லெட் இருந்தால் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்பார்கள், சீட்டை மட்டும் அடர்நிறத்தில் மாற்றினாலே போதும். கருப்பு மிதியடி வேண்டவே வேண்டாம், பள்ளம் என்று நினைத்துத் தாண்டப் பார்த்து விழுவார்கள். கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று புரியாமல் பயந்தால் அதையும் துணி போட்டு மூடிவிடுங்கள்.

நர்ஸ்_ஒருத்தி:
இந்தக் கிளம்பல் மெல்ல மெல்ல வந்ததா, சில நாளில் திடீரென்று அதிகமானதா? திடீர் என்றால் தாழ்ப்பாள் வேலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் டாக்டர். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் நீர் குறைவது, இதில் எது வந்தாலும் வயதானவர்களுக்குக் குழப்பம் ஏறும், காய்ச்சலே இல்லாமலும் வரும். புதிதாக ஏதாவது மாத்திரை சேர்த்தீர்களா? தூக்கம் வரவைக்கும் சளி, அலர்ஜி மாத்திரைகள் சில மறதியை இன்னும் மோசமாக்கும்.

கடைக்குட்டி:
ஐயோ, சளிக்கு ஒரு மாத்திரை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், கடையில் கேட்டு வாங்கியது. நாளைக்கே டாக்டரிடம் கேட்கிறேன். வாசலில் கிடப்பதும் கருப்பு மிதியடிதான், அதைச் சுற்றிக்கொண்டு போவார், நாங்கள் பிடிவாதம் என்று நினைத்தோம்.

சாந்தி அக்கா:
மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். சட்டைப் பை உள்பக்கம் உங்கள் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள், அவருடைய சமீபத்திய போட்டோ ஒன்று போனில் இருக்கட்டும். பூட்டச் சொன்ன அண்ணனை வாரத்தில் சில சாயங்காலம் வந்து அப்பாவோடு உட்காரச் சொல்லுங்கள், நீங்களும் கொஞ்சம் தூங்க வேண்டாமா?